டூரின், 1935 மே 15: ஒரு சுற்றிவளைப்பின் ஊடாகப் பாசிசத்தின் பொலிஸ் ஆட்சி

1935 மே 15ஆம் திகதி இத்தாலியின் வடமேற்கிலுள்ள டூரின் நகரில் பொலிஸார் பல வீடுகளைச் சோதனையிட்டு, அங்கிருந்தவர்களைக் கைது செய்தனர். பிடிபட்டவர்களில் சட்டம் படித்த ஓர் இளைஞர் இருந்தார். ஓர் இசை விமர்சகர், ஓர் இரசாயனவியலாளர், மருத்துவம் படித்த ஓர் ஓவியர், ஒரு கவிஞர், பல்கலைக்கழகத்தில் சட்டத் தத்துவம் கற்பிக்கத் தொடங்கியிருந்த ஒருவர் ஆகியோரும் இருந்தனர். கார்லோ ரொசெல்லி முதலானோர் 1929இல் பாரிஸில் தொடங்கிய ‘நீதியும் சுதந்திரமும்’ என்ற பாசிச எதிர்ப்பு இயக்கத்தோடு இவர்களுக்குத் தொடர்பு உண்டு என்பதே குற்றச்சாட்டு. இவர்களில் சிலருக்கு அந்தத் தொடர்பு உண்மையாகவே இருந்தது. சிலருக்கு இருந்ததெல்லாம் நட்பு மட்டும்.

மட்டக்களப்பில் உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கும் மாணவர்களும், சில ஆசிரியர்களும், ஓய்வுபெற்ற அலுவலர்கள் சிலரும் கூடுகின்ற எங்கள் வாசிப்பு வட்டத்துக்காக இந்த நிகழ்வை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டேன். பாசிசம் என்றால் ஒரு கட்சி, ஒரு தலைவன், தீவிர தேசியவாதம், எதிர்க்கட்சிகளுக்குத் தடை என்று மாணவர்கள் மனனமாகச் சொல்லுவார்கள். அது பரீட்சைக்குப் போதும். ஆனால், நான்கு கோடிக்கும் மேற்பட்ட மக்களைக் கொண்ட ஒரு நாட்டை ஓர் ஆட்சி இருபது ஆண்டுகள் எப்படி அடக்கி வைத்திருந்தது என்ற கேள்விக்கு அந்த வரைவிலக்கணத்தில் விடை இல்லை. டூரின் நிகழ்வில் அந்த விடை இருக்கிறது. ஒரே நாளில், ஒரே நகரில், ஒரே குற்றச்சாட்டின் பேரில் பிடிபட்டவர்கள் வெவ்வேறு அளவில் தண்டிக்கப்பட்டார்கள். அவர்கள் எல்லோரையும் காட்டிக்கொடுத்தவரைப் பற்றிய தகவல்களும் பின்னர் வெளிவந்தன. ஆகவே அந்த இயந்திரத்தின் எல்லாப் பாகங்களையும் இந்த ஒரு நிகழ்விலேயே பார்த்துவிட முடிகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முசோலினியின் பொலிஸ் ஆட்சிக்கு அடித்தளமாக இருந்தது நிர்வாக உத்தரவு; துப்பாக்கியும் சித்திரவதையும் அதற்குப் பின்புலமாக நின்றன. குடிமகனுக்கும் பொலிஸுக்கும் இடையில் நிற்க வேண்டிய நீதிபதியை அகற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு குழுவையும் ஒரு படிவத்தையும் வைத்ததே அந்த ஆட்சி செய்த மிகப் பெரிய காரியம்.

சட்டம் எப்படித் தயாரானது

முசோலினி 1922 ஒக்டோபர் இறுதியில் பிரதமரானபோது அவருக்குப் பதவியைக் கொடுத்தவர் மன்னர். நாடாளுமன்றம் இருந்தது, எதிர்க்கட்சிகள் இருந்தன, பத்திரிகைகளும் வெளிவந்தன. பாசிசக் கட்சியின் கருஞ்சட்டைப் படையினர் தெருவில் அடித்தார்கள், கொன்றார்கள். ஆனால் அது இன்னும் அரசின் முறையாக ஆகியிருக்கவில்லை. 1924 மே 30 அன்று சோசலிச உறுப்பினரான ஜாக்கோமோ மத்தேயோத்தி, தேர்தலில் நடந்த வன்முறைகளையும் மோசடிகளையும் நாடாளுமன்றத்தில் ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார். ஜூன் 10ஆம் திகதி அவர் கடத்திக் கொல்லப்பட்டார். உடல் ஓகஸ்ட் மாதத்திலேயே கிடைத்தது. ஆட்சி ஆட்டங்கண்டது. அந்த ஆட்டத்திலிருந்து முசோலினி மீண்ட விதம் கவனிக்க வேண்டியது. 1925 ஜனவரி 3ஆம் திகதி நாடாளுமன்றத்தில் எழுந்து, நடந்த எல்லாவற்றுக்குமான அரசியல் பொறுப்பைத் தானே ஏற்பதாக அறிவித்தார். அதற்காக அவரைப் பதவி நீக்க யாரும் துணியவில்லை. அன்றிலிருந்துதான் சர்வாதிகாரம் தொடங்குகிறது என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கணிக்கிறார்கள்.

1925 நவம்பர் முதல் 1926 ஒக்டோபர் வரை முசோலினியைக் கொல்ல நான்கு முயற்சிகள் நடந்ததாக அறிவிக்கப்பட்டது. நான்காவது சம்பவத்தில், பொலோஞா நகரில், சுட்டவன் என்று சொல்லப்பட்ட 15 வயதுச் சிறுவன் அந்த இடத்திலேயே அடித்துக் கொல்லப்பட்டான். அதற்கு அடுத்த மாதத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. 1926 நவம்பர் 6ஆம் திகதிய பொதுப் பாதுகாப்புச் சட்டம் பொலிஸாருக்குப் புதிய அதிகாரங்களைக் கொடுத்தது. 8ஆம் திகதி இரவு, கம்யூனிஸ்ட் தலைவர் அந்தோனியோ கிராம்சி, நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தபோதே, கைது செய்யப்பட்டார். மறுநாள் எதிர்க்கட்சி உறுப்பினர்களின் பதவிகள் பறிக்கப்பட்டன. நவம்பர் 25ஆம் திகதி அரச பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்படி மரண தண்டனை மீண்டும் கொண்டுவரப்பட்டு, ஒரு விசேட தீர்ப்பாயமும் நிறுவப்பட்டது. அதன் தலைவர் ஒரு தளபதி, நீதிபதிகள் பாசிசப் படையின் அதிகாரிகள், மேன்முறையீடு இல்லை.

இந்தச் சட்டங்களை நடைமுறைப்படுத்த முசோலினி தேர்ந்தெடுத்த ஆள் ஒரு கருஞ்சட்டைக்காரர் அல்லர். 1926 செப்டெம்பரில் பொலிஸ் மாஅதிபராக நியமிக்கப்பட்ட அர்த்தூரோ பொக்கினி, அரச நிர்வாக சேவையில் படிப்படியாக உயர்ந்த ஒரு பழைய உத்தியோகத்தர். 1940இல் இறக்கும் வரை அவரே அந்தப் பதவியில் இருந்தார். தெருச்சண்டியர்களை அவர் நம்பவில்லை. பதிவேடு, கோப்பு, மாதச் சம்பளத்துக்கு வேலை செய்யும் உளவாளி, அன்றாடம் தலைவரின் மேசைக்குப் போகும் அறிக்கை ஆகியவற்றையே அவர் நம்பினார். அவருக்குத் தேவையான பதிவேடு ஏற்கெனவே தயாராக இருந்தது என்பதை இங்கு சொல்லியாக வேண்டும். அரசியல் ரீதியாகச் சந்தேகத்துக்குரியவர்களின் மத்திய பதிவேடு 1894இலேயே, தேர்தலும் நாடாளுமன்றமும் இருந்த காலத்தில், அராஜகவாதிகளையும் சோசலிசவாதிகளையும் கண்காணிக்கவென்று தொடங்கப்பட்டது. பாசிச ஆட்சி அதைப் பெருக்கியது, அவ்வளவுதான். இன்று ரோமிலுள்ள மத்திய ஆவணக் காப்பகத்தில் அந்தக் கோப்புகள் ஒன்றரை இலட்சத்துக்கும் மேல் இருக்கின்றன.

எச்சரிக்கை, ஒதுக்கம், தீர்ப்பாயம்

பொலிஸாரின் கையில் மூன்று கருவிகள் இருந்தன. மிகக் கடுமையானது விசேட தீர்ப்பாயம். அது 1927 முதல் 1943 வரை 4,596 பேருக்கு மொத்தம் 27,735 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. 42 பேருக்கு விதித்த மரண தண்டனையில் 31 நிறைவேற்றப்பட்டன. ஆனால் தீர்ப்பாயத்துக்குக் கொண்டுபோக வேண்டுமானால் ஏதோ ஒரு சான்று தேவை. துண்டுப் பிரசுரமாவது, கடிதமாவது, ஒரு வாக்குமூலமாவது இருக்க வேண்டும்.

சான்று இல்லாதவருக்கென்று இருந்ததுதான் கொன்ஃபீனோ எனப்பட்ட ஒதுக்க உத்தரவு. மாகாண அரச அதிபர், அரச வழக்குத்தொடுநர், பொலிஸ் தலைவர், கராபினியேரி என்ற இராணுவப் பொலிஸ் படையின் பொறுப்பாளர், பாசிசப் படையின் அதிகாரி ஆகியோர் கொண்ட ஒரு குழு ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து முடிவெடுக்கும். குற்றம் நடந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஒருவர் அரசுக்கு ஆபத்தாக இருக்கக்கூடும் என்று குழு நினைத்தால் போதும். தண்டனை ஐந்து ஆண்டுகள் வரை. முடிந்ததும் அதே குழு மீண்டும் புதுப்பிக்கலாம். உஸ்திக்கா, லிப்பாரி, பொன்சா, வெந்தொத்தேனே, திரெமித்தி போன்ற தீவுகளுக்கோ, தென் இத்தாலியின் வறண்ட மலைக் கிராமங்களுக்கோ அனுப்பிவிடுவார்கள். இவ்வாறு அனுப்பப்பட்டவர்கள் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர்.

மூன்றாவது கருவி எச்சரிக்கை ஆணை. அமொனிசியோனே என்று அதற்குப் பெயர். பார்ப்பதற்கு மிக இலேசானது. ஆள் தன் வீட்டிலேயே இருப்பார், தன் தொழிலையே செய்வார். ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குக் குறித்த நேரத்துக்குப் பின் வெளியே போகக்கூடாது, விடியுமுன் புறப்படக்கூடாது, பொலிஸுக்கு அறிவிக்காமல் இருப்பிடத்தை விட்டு நீங்கக்கூடாது, சந்தேகத்துக்குரியவர்களோடு பழகக்கூடாது. மீறினால் கைது. இதையும் அதே குழுவே வழங்கும். என் கணிப்பில் இந்த மூன்றிலும் மிகத் திறமையாக வேலை செய்தது இந்த இலேசான ஆணைதான். அதற்கான காரணத்தை, டூரினில் பிடிபட்ட சட்டத் தத்துவ ஆசிரியரான பொப்பியோவின் கதை காட்டும்.

உறவு சொல்லி வந்தவர்

டூரின் குழு பொலிஸின் கண்ணில் பட்டது 1934 மார்ச்சில். சுவிற்சர்லாந்து எல்லையிலுள்ள பொந்தே திரேசா என்ற இடத்தில் பாசிச எதிர்ப்புப் பிரசுரங்களுடன் காரில் வந்த இரண்டு இளைஞர்களை எல்லைக் காவலர்கள் மறித்தார்கள். அவர்களில் மாரியோ லேவி ஆற்றுக்குள் குதித்து, போட்டிருந்த உடையோடு நீந்தி மறுகரை சேர்ந்துவிட்டார். மற்றவரான சியோன் சேக்ரே பிடிபட்டார். அதைத் தொடர்ந்து டூரினில் பலர் கைதானார்கள். பல்கலைக்கழக ஆசிரியர்கள் ஆட்சிக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க வேண்டும் என்ற கட்டளைக்கு இணங்க மறுத்துப் பதவியைத் துறந்திருந்த லியோனே கின்ஸ்பர்க் நான்கு ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். ஆயினும் குழு முற்றாக அழியவில்லை. எஞ்சியவர்கள் யார் என்பது பொலிஸுக்குத் தெரியவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. உள்ளே போக ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள் தீனோ சேக்ரே. பித்திகிரில்லி என்ற புனைபெயரில் எழுதிப் பெரும் புகழும் பணமும் சம்பாதித்த நாவலாசிரியர். எல்லையில் பிடிபட்ட சியோன் சேக்ரேக்கு அவர் உறவினர். அந்த உறவே அவருக்கு நுழைவுச்சீட்டு ஆயிற்று. கைதான உறவினருக்காகக் கவலைப்படுபவராக அவர் டூரினிலுள்ள நண்பர்களின் வீடுகளுக்குப் போனார். பாரிஸில் இயக்கத்தவர்களைச் சந்தித்தார். செய்தி கொண்டுபோகவும் உதவ முன்வந்தார். அரசியல் பொலிஸின் ஏடுகளில் அவருக்கு இலக்கம் 373. யார் வீட்டில் யார் வந்திருந்தார்கள், என்ன பேசினார்கள், யார் தயங்கினார்கள், யார் உறுதியாக இருந்தார்கள் என்று அவர் எழுதி அனுப்பிய அறிக்கைகளே 1935 மே மாதக் கைதுகளுக்கு வழிவகுத்தன.

தலையாட்டி என்ற சொல்லை எங்கள் பிரதேசத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. முகத்தை மூடிய ஓர் ஆள் வாகனத்தில் உட்கார்ந்திருக்க, வரிசையில் நிறுத்தப்பட்டவர்கள் ஒவ்வொருவராக அவன் முன்னால் நடந்துபோன நாட்களை நினைவில் வைத்திருப்பவர்கள் எங்கள் வட்டத்திலும் இருக்கிறார்கள். பித்திகிரில்லி முகத்தை மூடவில்லை. உறவுமுறை சொல்லிக் கடப்படியைத் திறந்துகொண்டு வந்து, தேநீர் குடித்து, தாய் தகப்பனிடம் சுகம் விசாரித்துவிட்டுப் போனவர் அவர். முகமூடி அணிந்தவனுக்கு அஞ்சும் சமூகம் தெருவில் மட்டும் அஞ்சுகிறது. முகமூடி இல்லாமல் வருபவனை அறிந்துகொண்ட சமூகம் தன் விறாந்தையிலும் வாய் திறக்காமல் இருக்கப் பழகிக்கொள்கிறது. அரசியல் பொலிஸின் இரகசியப் பிரிவான ஓவ்ராவின் பெயர் 1930 டிசம்பரில் ஒரு செய்தி அறிக்கையில் முதன்முறையாக வெளியிடப்பட்டபோது, அந்த எழுத்துகள் எதைக் குறிக்கின்றன என்று அரசு விளக்கவே இல்லை. விளங்காமல் விட்டதே அதன் பயன். எத்தனை பேர் அதில் இருக்கிறார்கள், எங்கே இருக்கிறார்கள் என்பதை ஒவ்வொருவரும் தம் தம் அச்சத்துக்கேற்ப ஊகித்துக்கொண்டார்கள்.

ஆளுக்கொரு படி

பிடிபட்டவர்களில் சட்டம் படித்த இளைஞரான விட்டோரியோ ஃபோவா 1936 பெப்ரவரியில் விசேட தீர்ப்பாயத்தின் முன் நிறுத்தப்பட்டு 15 ஆண்டுத் தண்டனை பெற்றார். இசை விமர்சகர் மாசிமோ மிலாவுக்கு ஏழு ஆண்டுகள். ஃபோவா கைதாகும்போது அவருக்கு வயது 24. முசோலினி வீழ்ந்த பின், 1943 ஓகஸ்டில், எட்டு ஆண்டுகளைச் சிறையில் கழித்தவராக வெளியே வந்தார்.

கவிஞர் செசாரே பாவெசேயின் நிலை வேறு. அவர் அரசியலில் ஆழமாக ஈடுபட்டவர் அல்லர். கம்யூனிஸ்ட் ஒருவர் எழுதிய கடிதங்கள் ஒரு தோழிக்காக அவருடைய முகவரிக்கு வந்தன. சோதனையில் அவை அகப்பட்டன. தென் இத்தாலியில் கலாப்ரியாவின் கரையோரக் கிராமமான பிரங்கலேயோனேக்கு மூன்று ஆண்டு ஒதுக்கம் என்று உத்தரவானது. ஓராண்டுக்குள் திரும்பி வந்தார். மருத்துவம் படித்த ஓவியரான கார்லோ லேவி, அதே தெற்கிலுள்ள லுக்கானியாவின் மலைக் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டார். 1936 மே மாதத்தில் எத்தியோப்பியாவின் தலைநகரான அடிஸ் அபாபா இத்தாலியப் படையிடம் வீழ்ந்ததைக் கொண்டாடுவதற்காக வழங்கப்பட்ட பொதுமன்னிப்பில் அவர் விடுதலையானார். வேறொரு மக்களின் தலைநகர் வீழ்ந்ததற்கான கொண்டாட்டத்தில் தனக்கு விடுதலை கிடைப்பது எத்தகைய அனுபவமாக இருந்திருக்கும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஒதுக்கத்தில் இருப்பவரின் ஒரு நாளைக் கிட்ட இருந்து பார்ப்போம். கையில் விலங்குடன், சங்கிலியால் மற்றவர்களோடு பிணைக்கப்பட்டு, ரயிலிலும் கப்பலிலும் நாட்கணக்கில் பயணம் செய்து அவர் தீவுக்கு வந்து சேருவார். சேர்ந்ததும் விதிகள் எழுதிய ஒரு சிறு கையேடு அவரிடம் கொடுக்கப்படும். அதை எப்போதும் தன்னோடு வைத்திருக்க வேண்டும். குறித்த எல்லைக்கு வெளியே போகக்கூடாது. பெயர் கூப்பிடும் வேளைகளில் வந்து நிற்க வேண்டும். பொழுது பட்டதும் உள்ளே போய்விட வேண்டும். அரசியல் பேசக்கூடாது. வரும் கடிதமும் போகும் கடிதமும் வாசிக்கப்படும். செலவுக்கு அரசு நாளொன்றுக்கு 10 லீரா கொடுத்தது, பிறகு அதை 5 லீராவாகக் குறைத்தது. இந்தக் காசில்தான் சாப்பாடும், துணியும், சோப்பும், முத்திரையும். கிராம்சி 1926 டிசம்பரில் உஸ்திக்காத் தீவில் சில வாரங்களே இருந்தார். அதற்குள் மற்றக் கைதிகளோடு சேர்ந்து அங்கு ஒரு பாடசாலையைத் தொடங்கிவிட்டார். அவரைத் தீர்ப்பாயம் பின்னர் 20 ஆண்டுகள், 4 மாதங்கள், 5 நாட்கள் என்று எண்ணித் தண்டித்தது.

கைதியின் குடும்பத்துக்கு என்ன நடந்தது என்பதையும் பேச வேண்டும். உழைப்பவர் போய்விட்டார். வீட்டாருக்கு வேலை கொடுக்க அயலவர் தயங்கினர். மன்னிப்புக் கேட்டு ஒரு மனு எழுதினால் விடுவார்கள் என்று யாராவது வந்து சொல்லுவார்கள். பின்னாளில் இத்தாலியின் ஜனாதிபதியான சாந்த்ரோ பெர்த்தீனி சிறையில் இருந்தபோது, அவருடைய தாயார் அவருக்காக மன்னிப்பு மனு கொடுத்தார். பெர்த்தீனி அதை ஏற்க மறுத்து, தாயாருக்கும் கடுமையாகக் கடிதம் எழுதினார். அவருடைய உறுதியைப் போற்றுகிறவர்கள் பலர். எனக்கோ அந்தத் தாயின் நிலையே அதிகம் உறைக்கிறது: மகனை மீட்க ஒரு தாய் செய்யும் முயற்சியையே மகனின் மானத்துக்கு எதிரான ஆயுதமாக ஓர் அரசு ஆக்கிவிட்டது.

பொப்பியோவின் கடிதம்

நோர்பெர்த்தோ பொப்பியோவுக்கு அப்போது 25 வயது. சட்டத் தத்துவத்தில் பல்கலைக்கழகப் பதவியை எதிர்பார்த்திருந்தவர். குழுவிலிருந்த பலர் அவருடைய பள்ளித் தோழர்கள். அவரும் மே 15இல் பிடிபட்டு, சில நாட்களில் வெளியே வந்தார். எச்சரிக்கை ஆணை விதிக்கப்பட்டது. சிறையும் இல்லை, தீவும் இல்லை. ஆனால் எச்சரிக்கை பெற்ற ஒருவருக்குப் பல்கலைக்கழகத்தில் எதிர்காலம் இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்த விடயம்.

1935 ஜூலை 8ஆம் திகதி அவர் முசோலினிக்கு நேரடியாக ஒரு கடிதம் எழுதினார். தான் மாணவனாக இருந்த காலத்திலேயே கட்சியில் சேர்ந்தவன் என்றும், தன் குடும்பம் தேசப்பற்றும் பாசிசப் பற்றும் உடையது என்றும், தன் மீதான குற்றச்சாட்டு தன்னை ஆழமாக வருத்துகிறது என்றும் பணிவோடு எழுதி, ஆணையை நீக்கும்படி கேட்டுக்கொண்டார். ஆணை நீக்கப்பட்டது. அவர் பேராசிரியரானார். பின்னர் எதிர்ப்பியக்கத்தில் சேர்ந்தார், போரின்போது மீண்டும் சிறை சென்றார். போருக்குப் பிறகு மனித உரிமை, சனநாயகம், சட்டத்தின் ஆட்சி ஆகியவை பற்றி உலகமே படிக்கும் சிந்தனையாளராக உயர்ந்தார். 1984இல் ஆயுட்கால செனற்றராக நியமிக்கப்பட்டார். 1992இல், அவருடைய முதுமையில், ஒரு வார இதழ் அந்தக் கடிதத்தை வெளியிட்டது. பொப்பியோ மறுக்கவில்லை. அதை எழுதியதற்காக வெட்கப்படுவதாகச் சொன்னார். சர்வாதிகாரம் மனிதர்களின் உள்ளத்தைக் கெடுக்கிறது, பொய்யையும் பாசாங்கையும் அடிமைப் பணிவையும் மனிதர்மேல் திணிக்கிறது என்றும் சொன்னார்.

எங்கள் அமர்வில் ஒரு மாணவி, “அவர் பயந்துவிட்டார், அவ்வளவுதானே சேர்?” என்று கேட்டாள். அவளுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: பயந்தவர் ஒருவரின் கடிதம் என்று இதைத் தள்ளிவிட்டால், பொலிஸ் ஆட்சி என்ன செய்கிறது என்பதை நாம் காணாமல் விட்டுவிடுவோம். 15 ஆண்டுத் தண்டனை பெற்ற ஃபோவாவிடம் ஆட்சியால் எதையும் வாங்க முடியவில்லை. அவரிடம் இழக்க வேறு எதுவும் இருக்கவில்லை. பொப்பியோவிடமோ பாதியைப் பறித்து, மீதிப் பாதியை அவர் கண்முன்னே வைத்தார்கள். அந்தப் பாதியைக் காப்பாற்றிக்கொள்ள அவர் தன் கையெழுத்தில் தன் விசுவாசத்தை எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதம் 57 ஆண்டுகள் ஒரு கோப்பில் கிடந்தது. இப்படியொரு காகிதத்தை எழுதிக் கொடுத்தவர், அதற்குப் பிறகு ஆட்சியைப் பற்றி வாய் திறக்கும் ஒவ்வொரு முறையும் அதை நினைத்துக்கொள்வார். கொடூரத்துக்கு ஆளானவர்கள் தியாகிகள் ஆகிறார்கள். இலேசாகத் தண்டிக்கப்பட்டவர்கள் மௌனமாகிறார்கள். பொக்கினிக்குத் தேவைப்பட்டது மௌனம்.

1931இல் பல்கலைக்கழகப் பேராசிரியர்களிடம் விசுவாச உறுதிமொழி கேட்கப்பட்டபோது, ஏறத்தாழ 1,200 பேரில் மறுத்தவர்கள் 12 பேர் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மற்றவர்கள் எல்லோரும் பாசிசவாதிகள் என்று யாரும் நம்பவில்லை, ஆட்சியும் நம்பவில்லை. 1930களில் அரச வேலைக்குக் கட்சி அட்டை தேவைப்பட்டது. மக்கள் அதை ரொட்டி அட்டை என்றே அழைத்தார்கள். மாடிக் குடியிருப்புகளின் வாயிற்காவலர் பொலிஸில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும் என்று 1931ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. யார் வருகிறார், எப்போது போகிறார் என்று பார்க்கும் கண் அவருடையது. பெயரில்லாக் கடிதங்களும் வந்துகொண்டே இருந்தன. வாடகைத் தகராறு, காதல் தோல்வி, கடைப் போட்டி எல்லாம் தேசத்துரோகக் குற்றச்சாட்டுகளாக உருமாறிப் பொலிஸ் நிலையத்தை அடைந்தன.

ஜேர்மனியிலும் இதுவே நடந்தது. அங்கு நாசிகளின் இரகசியப் பொலிஸான கெஸ்ராப்போவுக்கு 1936 பெப்ரவரிச் சட்டம் நிர்வாக நீதிமன்றங்களின் மேற்பார்வையிலிருந்து முழு விலக்கு அளித்தது. வூர்ட்ஸ்பர்க் நகரில் அழியாமல் எஞ்சிய கெஸ்ராப்போக் கோப்புகளை ஆராய்ந்தவர்கள், வழக்குகளில் பெரும் பங்கு சாதாரண மக்களின் முறைப்பாட்டில் தொடங்கியவை என்று கண்டார்கள். அங்கே முகாமும் கொலையும் அளவிட முடியாத அளவுக்குப் போயின. அது தனியே ஆராய வேண்டிய விடயம்.

மென்மை யாருக்கு

31 மரண தண்டனைகள் என்ற எண்ணை எடுத்துக்கொண்டு, முசோலினியின் ஆட்சி ஹிட்லரின் ஆட்சியைப் போலன்றி மென்மையானது என்று சொல்பவர்கள் உண்டு. அந்த எண்ணின் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அவர்களில் கணிசமானோர் இத்தாலியின் கிழக்கு எல்லையில் வாழ்ந்த சுலோவேனியரும் குரோவாசியரும். முதலாம் உலகப் போருக்குப் பின் இத்தாலியோடு இணைக்கப்பட்ட அந்தப் பகுதியில், 1923ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தத்தோடு அவர்களின் மொழி பாடசாலைகளிலிருந்து படிப்படியாக அகற்றப்பட்டது. பின்னர் குடும்பப் பெயர்களே இத்தாலிய ஒலிக்கு மாற்றப்பட்டன. எதிர்த்த இளைஞர்கள் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். 1930 செப்டெம்பர் 6ஆம் திகதி திரியஸ்தே நகருக்கு அருகே பசோவித்சாவில் நால்வர் சுட்டுக் கொல்லப்பட்டனர். டூரினில் கல்விமான்களுக்குக் காட்டப்பட்ட நிதானம் திரியஸ்தேயில் இல்லை. தன் பிள்ளையின் பெயரைத் தன் மொழியில் பதிய முடியாத ஒரு பெற்றோரின் நிலை என்னவென்று கிழக்கிலங்கைத் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் நான் விவரிக்கத் தேவையில்லை.

குடியேற்ற நாடுகளிலோ எந்தத் தடையும் இருக்கவில்லை. லிபியாவின் கிழக்குப் பகுதியில் 1930இல் ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்கள் தம் நிலங்களிலிருந்து பெயர்க்கப்பட்டுக் கம்பிவேலி முகாம்களில் அடைக்கப்பட்டனர். பல்லாயிரம் பேர் பசியாலும் நோயாலும் இறந்தனர். எதிர்ப்பின் தலைவரான ஓமர் முக்தார், எழுபது வயதைக் கடந்த முதியவர், 1931 செப்டெம்பர் 16ஆம் திகதி பொதுமக்கள் முன்னிலையில் தூக்கிலிடப்பட்டார். 1937 பெப்ரவரியில் அடிஸ் அபாபாவில் மூன்று நாட்கள் படுகொலை நடந்தது. ஆகவே, எத்தனை பேர் கொல்லப்பட்டார்கள் என்ற கேள்வியோடு, யாரை மென்மையாகவும் யாரைக் கொடூரமாகவும் நடத்தலாம் என்று ஆட்சி எப்படிப் பிரித்தது என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

பட்டியலும் எஞ்சிய சட்டமும்

1946 ஜூலை 2ஆம் திகதி ஓவ்ராவின் உளவாளிகள் 622 பேரின் பெயர்கள் அரச வர்த்தமானியில் வெளியிடப்பட்டன. பித்திகிரில்லியின் பெயரும் அதில் இருந்தது, அவர் மறுத்தார். இந்தப் பகுதியை வாசித்தபோது எங்கள் வட்டத்தில் நீண்ட மௌனம் நிலவியது. பின்னர் ஓய்வுபெற்ற ஓர் அக்கா, “தம்பி, இப்படி ஒரு பட்டியலை நம்மட ஊரில் போட்டால் எத்தனை வளவுக்குள்ள சண்டை வரும்?” என்று கேட்டார். அரச படையும், இந்தியப் படையும், பல இயக்கங்களும், 2004க்குப் பின் அந்த இயக்கங்களின் பிளவுகளும் மாறி மாறி வந்த ஒரு மாவட்டத்தில் இது வெறுங்கேள்வி அன்று. யார் மனமுவந்து சொன்னார், யார் அடி தாங்காமல் சொன்னார், யார் பிள்ளையை மீட்பதற்காகச் சொன்னார் என்பதைப் பட்டியல் பிரித்துக் காட்டாது. இத்தாலியப் பட்டியலிலும் அந்தக் குறை இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு: தகவல் கொடுத்தவர்கள் பட்டியலில் இருந்தார்கள், அவர்களை வேலைக்கு அமர்த்திச் சம்பளம் கொடுத்து அறிக்கை வாங்கிய அதிகாரிகள் இருக்கவில்லை. ஓவ்ராவை வழிநடத்திய குய்தோ லேத்தோ தண்டனையிலிருந்து தப்பி, புதிய குடியரசில் பொலிஸ் பயிற்சிக் கல்லூரிகளில் பொறுப்பு வகித்தார்.

சட்டங்களும் அவ்வளவு இலகுவில் போகவில்லை. 1931ஆம் ஆண்டுப் பொதுப் பாதுகாப்புச் சட்டக்கோவை குடியரசு வந்த பின்னும் தொடர்ந்தது. 1948இல் நடைமுறைக்கு வந்த புதிய அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை, நீதித்துறையின் காரணம் கூறப்பட்ட உத்தரவின்றி ஒருவரின் சுதந்திரத்தைக் கட்டுப்படுத்த முடியாது என்றது. ஆயினும், எச்சரிக்கை ஆணையை அரசியலமைப்பு நீதிமன்றம் செல்லாது என்று தீர்த்தது 1956இல்தான். பொப்பியோ அதைப் பெற்று 21 ஆண்டுகளுக்குப் பிறகு. அதே ஆண்டு டிசம்பரில் கட்டாயக் குடியிருப்பு என்ற ஏற்பாட்டை நாடாளுமன்றம் வேறொரு சட்டத்தில் மீண்டும் கொண்டுவந்தது. ஆனால் இம்முறை முடிவெடுக்கும் அதிகாரம் நீதிமன்றத்திடம் இருந்தது.

இலங்கையைப் பாசிச நாடு என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. தேர்தலில் ஆட்சிகள் மாறுகின்ற ஒரு நாட்டை அப்படி அழைப்பது தவறு. அப்படி அழைத்தால் முசோலினியின் கைதிகள் பட்டதும் விளங்காது, நாம் பட்டதும் விளங்காது. ஆனால் 1894ஆம் ஆண்டுப் பதிவேடு காட்டுவதுபோல, கருவிகள் ஆட்சிக்கு முன்பே செய்யப்படுகின்றன. ஆட்சிக்குப் பிறகும் இருக்கின்றன. ஆகையால் சட்டப் பிரிவுகளைப் பக்கத்தில் வைத்து வாசிக்குமாறு மாணவர்களைக் கேட்டேன். 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச்சட்டம் மூன்று ஆண்டுகளுக்கு என்று கொண்டுவரப்பட்டு, 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. அதன் 9ஆம் பிரிவு, அமைச்சரின் உத்தரவில் ஒருவரை 18 மாதங்கள் வரை தடுத்து வைக்க இடமளித்தது. 2022இல் செய்யப்பட்ட திருத்தம் அதை 12 மாதங்களாக்கியது. 11ஆம் பிரிவு, ஒருவரின் வசிப்பிடம், பயணம், அமைப்புகளில் ஈடுபாடு ஆகியவற்றை அமைச்சரின் உத்தரவாலேயே கட்டுப்படுத்த வழிசெய்தது. 16ஆம் பிரிவு, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்கச் செய்தது.

எங்கள் மாவட்டத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2021 மே 18ஆம் திகதி கிரான் கடற்கரையில் போரில் இறந்தோரை நினைவுகூர்ந்த 10 பேர் கைது செய்யப்பட்டனர். அவர்கள்மீது பயங்கரவாதத் தடைச்சட்டம் பாய்ந்ததால் அவர்கள் மாதக்கணக்கில் விளக்கமறியலில் இருந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரிலேயே பிணையில் வந்தார்கள். அவர்கள் ஒரு தீவுக்கு அனுப்பப்படவில்லை. நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார்கள். ஆனால் அந்தச் சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி, சட்டமா அதிபரின் சம்மதமின்றி அவர்களை வெளியே விடும் அதிகாரம் அந்த நீதவானுக்கு இருக்கவில்லை.